நின்னா அம்பது

ஆண்டிபாளையத்துக் கட்டிங் யூனிட்டிலிருந்து
கல்லம்பாளையத்துத் தையல் வீடுகளுக்கு
நாளுக்கு ஒன்பது நடை.
பின்னால் இரண்டு மூட்டை கட்பீஸ்,
முன்கூடையில் எலாஸ்டிக் ரோல்.
பழைய மோட்டார், முந்நூற்றைம்பது வாட்,
மேம்பாலத்தில் முனகும்.
இறங்கி நானும் கூடவே முனகித் தள்ளுவேன்.

நல்லசிவம் மச்சான்தான் வாங்கிவந்து மாட்டினார்
ஆயிரம் வாட்.
பின்சக்கரத்தின் நடுவே
பணியாரச் சட்டி தண்டிக்கு.
"இனிமே நீ பாலம் ஏற வேண்டாம் புள்ள,
பாலமே உனக்குக் குனியும்."

மறுநாள் காலை
மேடு தொடங்கும் இடத்தில் முறுக்கினேன்.
மூன்று நொடி பறந்தேன்.
நான்காவது நொடியில்
விளக்கு, மீட்டர், ஹாரன்
எல்லாம் ஒட்டுக்கா அணைந்து
டவுன் பஸ்ஸுக்கு முன்னால்
நான் வெறும் சைக்கிள்.
டிரைவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி மறுபடி போட்டால்
மீட்டர் காட்டுகிறது ஐம்பது வோல்ட்.
ஒறம்பரை வாசலில் செருப்பைக் கழற்றியதும்
சிரிக்கத் தொடங்கும் வீடு மாதிரி.

ஊத்துக்குளி ரோட்டில்
பேட்டரி கட்டும் ஹேமலதா
ஒயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டு,
பின்சக்கரத்தைப் பலகையில் அழுத்திப் பிடித்து,
என்னை முறுக்கச் சொன்னார்.

"நின்னா அம்பது.
கேட்டா நாப்பத்தி ஒண்ணு.
பாத்தீங்களா?
மோட்டார் மேல தப்பில்லீங்க.
அது முப்பது ஆம்பியர் கேக்குது.
உங்க பொட்டியில பதிமூணு வரிசை,
வரிசைக்கு நாலு செல்லு.
முப்பதை நாலா வகுங்க."

ஏழரை.

"ஏழரையேதாங்க.
ஒரு செல்லு அஞ்சுதான் தாங்கும்.
அதான் பி.எம்.எஸ். கதவைச் சாத்திக்குது."

என் ராசிக்கு ஏழரை
போன வருசம்தான் விலகியது.
சக்கரத்துக்கு மாறியிருக்கிறது போல.

மச்சான் போனில் வந்தார்.
"அந்த போர்டைத் தூக்கிட்டு
நேரா குடுக்கச் சொல்லு."
ஸ்பீக்கரில் கேட்ட ஹேமலதா
பதில் பேசவில்லை.
மேசைக்கடியிலிருந்து பெயிண்ட் டின் ஒன்றைக்
காலால் இழுத்தார்.
பாதி மணல். மணலுக்குள்
தீயில் தவறவிட்ட சோளக்கதிராய்
யாரோ ஒருவரின் பேட்டரி.
போனை வைத்தேன்.

வரிசைக்கு ஆறு செல்,
மொத்தம் எழுபத்தெட்டு,
தடித்த நிக்கல் பட்டை, தடித்த ஒயர்,
இருபத்தேழாயிரம்.

"இருக்கறதோட இருபத்தாறு மட்டும்
சேத்துக்கலாமுங்களா?"

"பழசையும் புதுசையும் சேத்துக் கோத்தா
பழசு புதுசைத் தின்னுபோடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
எதற்கென்று
இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கையில் பதினோராயிரம்.
சீட்டு ஏலம் ஆவணியில்.

கடைசியில் அவர் தொட்டது
பேட்டரியையும் அல்ல, மோட்டாரையும் அல்ல.
நடுவில் உட்கார்ந்து
ஒருவரிடம் வாங்கி ஒருவருக்குக் கொடுக்கும்
கன்ட்ரோலரை.
கேபிள் மாட்டி, லேப்டாப்பில்
முப்பதை அழித்துப் பதினெட்டு என்று எழுதினார்.
"ஆயிரம் வாட்டு மோட்டாரு
ஆவணி வரைக்கும் எண்ணூறுல ஓடட்டும்.
கோவிச்சுக்காது."
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பொழுதோட மேம்பாலம்.
ஸ்கூல் பேக் மாட்டிய பையன் ஒருவன்
கியர் சைக்கிளை எக்கி எக்கி மிதித்து
என்னைத் தாண்டிப் போனான். போகட்டும்.
நாற்பத்து நான்கு என்றது மீட்டர்.
நாற்பத்து நான்கிலேயே நின்றது.
பாதி மேட்டில் என் இடது கால்
பழக்கத்தில் தரையைத் தேடியது.
கீழே தண்டவாளம், அதற்கப்பால்
சாயத்தண்ணி வாடையோடு நொய்யல்.

இறக்கத்தில் ஓரமாக நின்றபோது
சூப்பர்வைசர் கூப்பிட்டார்.
"மயிலாத்தா, புது மோட்டாராமே!
நாளையிலிருந்து பன்னெண்டு நடை ஆகுமா?"

நின்றுகொண்டிருந்தேன்.
அதனால் ஆகுமுங்க என்றுதான்
வாய்வரை வந்தது.

மேடு ஏறிப் பார்த்துட்டுச் சொல்றனுங்க
என்றேன்.